எச்ஓ ரயில் பெட்டி விளக்குகள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

எச்ஓ (HO, அசலில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயிலின் பெட்டிக்குள் விளக்கு மினுக்கினால் கை நேராகக் கூரையைக் கழற்றத்தான் போகும். எல்இடி போய்விட்டதோ என்ற சந்தேகம். பெரும்பாலும் எல்இடி மேல் எந்தத் தப்பும் இருக்காது. கோளாறு கீழே, சக்கரத்திலோ அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகட்டிலோ இருக்கும். அதனால் இங்கே சொல்லும் சோதனைகள் தண்டவாளத்தில் தொடங்கி மேலே ஏறுகின்றன. கூரையைக் கடைசியாகக் கழற்றினால் போதும்.

எடுத்துக்கொண்ட பெட்டி ஐசிஎஃப் (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) வகை ஸ்லீப்பர், 1:87 அளவு. பெரம்பூரில் செய்த அசல் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர்; மாடலில் அது சுமார் 245 மில்லிமீட்டர். உள்ளே எட்டு பெர்த் கொண்ட ஒன்பது பகுதிகள், இரு முனையிலும் கழிவறைகள். இன்னொன்று: பேச்சில் பெட்டியையே போகி என்று சொல்வதுண்டு. இங்கே போகி என்றால் பெட்டிக்கு அடியில் திரும்பும் நான்கு சக்கரச் சட்டம் மட்டும்தான்.

சரியாக இருக்க வேண்டிய சர்க்யூட்

இரு போகியிலிருந்தும் ஆளுக்கொரு ஒயர் வந்து பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் (எந்தத் திசையில் வரும் மின்சாரத்தையும் ஒரே திசையாக்கும் பாகம்) ஏசி கால்களில் சேரும் (எம்பி6எஸ் சின்னது, கூரைக்குள் அடங்கும்). பிரிட்ஜின் ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். அதன் ப்ளஸ் காலோடு தொடராக 100 ஓம் ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை ப்ளஸ் லைன் பக்கம். அதற்கு அப்பால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு 12 வோல்ட் எல்இடி பட்டை. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டையை 5 சென்டிமீட்டருக்கு ஓரிடத்தில் வெட்டலாம். நான்கு துண்டு சேர்ந்தால் 20 சென்டிமீட்டர், பெட்டிக்குப் போதும்.

டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ரயிலை ஓட்டும் முறை) தண்டவாளத்தில் 15 வோல்ட் இருந்தால் பிரிட்ஜில் 1.4 போக 13.6 வோல்ட் மிஞ்சும். அந்த நான்கு துண்டும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 80 மில்லிஆம்பியர் இழுக்கும். 1 கிலோ ஓம் வைத்தபின் ஓடுவது ஐந்து மில்லிஆம்பியர்தான். அறை விளக்கை அணைத்துப் பார்த்தால் அதுவே ஸ்லீப்பர் பெட்டிக்குச் சற்று அதிகம் என்று தோன்றும்.

கெப்பாசிட்டர் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதைக் கழிவறைக்குள் நிறுத்தி வையுங்கள். அந்த ஜன்னல் எப்படியும் மங்கல் கண்ணாடி. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. டிசிசி மின்சாரம் வேகமாகத் திசை மாறும் சதுர அலை. விலை குறைந்த மல்டிமீட்டரின் ஏசி அளவு 50 ஹெர்ட்ஸுக்குத்தான் சரியாகக் காட்டும். ஆகவே தண்டவாளத்தை விட்டுவிட்டு, பிரிட்ஜின் ப்ளஸ், மைனஸ் கால்களில் டிசி அளவில் பாருங்கள்.

எதுவுமே எரியவில்லை

பிரிட்ஜில் 13 வோல்ட் சொச்சம் வருகிறதா? வந்தால் கோளாறு மேலே. பட்டை தலைகீழாக இணைந்திருக்கலாம். ப்ளஸ், மைனஸ் மாற்றிப் பாருங்கள், இதில் பட்டை கெடாது. கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அது சூடாகி வீங்கும், சில சமயம் வெடிக்கும். ஒருமுறை அப்படி மின்சாரம் பாய்ந்த கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

பிரிட்ஜில் ஒன்றும் வரவில்லை என்றால் கீழே இறங்குங்கள். முதல் சந்தேகம் சக்கரங்களின் திசை. ஒவ்வொரு அச்சிலும் ஒரு சக்கரம் அச்சோடு மின்தொடர்பில் இருக்கும். மற்றதை ஒரு பிளாஸ்டிக் புஷ் பிரித்து வைத்திருக்கும். ஒரு போகியின் இரண்டு அச்சிலும் தொடர்புள்ள சக்கரம் இடப்பக்கம் என்றால், அடுத்த போகியில் இரண்டும் வலப்பக்கம் இருக்க வேண்டும். இரு போகியும் ஒரே தண்டவாளத்திலிருந்து எடுத்தால் சர்க்யூட் முடியாது. விளக்கு செத்ததுபோல் கிடக்கும். பெட்டியைக் கவிழ்த்து, மல்டிமீட்டரின் பீப் அளவில் ஒரு முனையைப் போகி ஒயரிலும் மறு முனையை ஒவ்வொரு சக்கரத்திலும் வைத்துப் பாருங்கள். எட்டுச் சக்கரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெட்டியோடு வந்தது பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் மேலே என்ன செய்தும் பயனில்லை. உலோகச் சக்கரம் மாற்றுங்கள். அசலில் 915 மில்லிமீட்டர் என்பதால் 10.5 மில்லிமீட்டர் விட்டம் பொருந்தும்.

எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி போட்டவர்கள் அடிக்கடி ஏமாறும் இடமும் இதுதான். சால்டர் பளபளவென்று கம்பியைச் சுற்றி நிற்கும். உள்ளே எனாமல் கரையாமல் இருக்கும். பீப் சத்தம் வராது. சால்டரிங் அயர்னை 380 முதல் 400 டிகிரிக்கு வைத்து, முனையில் ஒரு துளி ஈயம் எடுத்து, கம்பி நுனியை அந்தத் துளிக்குள் இரண்டு மூன்று விநாடி நனையுங்கள். எனாமல் லேசாகப் புகைந்து கருகும், அதன்பின் ஈயம் கம்பியில் ஒட்டும். இதை எல்இடியில் வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். 0603 என்ற மிகச் சிறிய எல்இடி அந்தச் சூட்டைத் தாங்காது.

எரிகிறது, ஆனால் மினுக்குகிறது

முதலில் பார்க்க வேண்டியது, மினுக்கல் இடத்தோடு ஒட்டியதா, பெட்டியோடு ஒட்டியதா என்பது. எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் மினுக்கினால் தண்டவாளத்தில் கோளாறு: தளர்ந்த இணைப்புத் தகடு, அல்லது பாயிண்டில் (தடம் பிரியும் இடம்) தண்டவாளங்கள் குறுக்கிடும் பிளாஸ்டிக் மூக்கு. ஒரே பெட்டி எல்லா இடத்திலும் மினுக்கினால் அழுக்கு அந்தப் பெட்டியின் சக்கரத்தில்.

சக்கரம் துடைக்க எளிய வழி: சமையலறைப் பேப்பர் துண்டு ஒன்றைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனையுங்கள். ஒரு போகியை அதன்மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, பெட்டியை முன்னும் பின்னும் பத்துத் தடவை உருட்டுங்கள். பேப்பரில் இரண்டு கறுப்புக் கோடு விழும். பேப்பரை நகர்த்தி, கோடு விழாத வரை உருட்டுங்கள். பிறகு மறு போகி. தண்டவாளத்துக்கும் இதே திரவம், பஞ்சு உதிராத துணி. உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் சீக்கிரம் குடியேறும்.

துடைத்தும் மினுக்கினால் காண்டாக்ட் தகட்டைப் பாருங்கள். 0.15 மில்லிமீட்டர் பாஸ்பர் பிரான்ஸ் தகட்டில் 2 மில்லிமீட்டர் அகலக் கீற்று வெட்டி, அச்சின் மேல் லேசாக உரசும்படி வளைப்பது நல்லது. சக்கரத்தின் உட்புறத்தில் உரச விடுபவர்களும் உண்டு. அங்கே உரசினால் இழுவை கூடும், ஏனென்றால் உராயும் இடம் அச்சு மையத்திலிருந்து தள்ளியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அச்சில் அதே அழுத்தம் சக்கரத்தை அவ்வளவாகப் பிடிக்காது. தகடு செம்பாக இருந்தால் ஸ்பிரிங் போய்விடும். வளைத்த இடத்தில் அப்படியே நின்று, ஒரு மாதத்தில் அச்சை விட்டு விலகும்.

சிலர் அச்சு முனை சுழலும் பித்தளைக் கிண்ணத்திலிருந்தே மின்சாரம் எடுப்பார்கள். சுத்தமான வேலை. ஆனால் ஒயரைக் கிண்ணத்தில் சால்டர் செய்துவிட்டுப் பிறகு போகிக்குள் அழுத்துங்கள். உள்ளே இருக்கும்போது சூடு வைத்தால் பிளாஸ்டிக் இளகி, அச்சு கோணலாகும். அப்புறம் அந்தப் பெட்டி ஆடிக்கொண்டேதான் ஓடும்.

கெப்பாசிட்டர் வைத்தும் உடனே அணைகிறது

ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1 கிலோ ஓம் கெப்பாசிட்டருக்கும் பட்டைக்கும் நடுவே இருக்க வேண்டும். அதைப் பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே வைத்துவிட்டால், தண்டவாளத்தில் மின்சாரம் விட்டதும் பட்டை நேரடியாகக் கெப்பாசிட்டரைக் குடிக்கும். போதாக்குறைக்கு அந்தக் கெப்பாசிட்டர் எப்போதும் பட்டைக்கு வேண்டிய 8 வோல்ட் சொச்சத்துக்கு மேல் நிரம்பியே இருக்காது. இடம் மாற்றினால் அதே பாகங்களில் வெளிச்சம் ஒரு விநாடி போல மெல்லத் தணியும். பாயிண்ட் மூக்கைக் கடக்க அது தாராளம்.

சூப்பர் கெப்பாசிட்டர் வைக்கலாமே என்று கேட்பார்கள். கடையில் கிடைக்கும் பொத்தான் வகை 5.5 வோல்ட்தான் தாங்கும். 13.6 வோல்ட் லைனில் நேராக வைத்தால் கெட்டுவிடும். தடுத்து 5 வோல்ட்டில் நிறுத்தினாலும், மூன்று மூன்று எல்இடி தொடராக உள்ள 12 வோல்ட் பட்டைக்கு அது போதாது. அதற்குத் தனித்தனி எல்இடி இணைப்பு வேண்டும்.

மின்சாரம் போட்டதும் ட்ரிப் ஆகிறது

ஒரே பெட்டியை வைத்தாலே ட்ரிப் ஆகிறதா, ஏழெட்டு சேர்த்த பிறகா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

ஏழெட்டு சேர்ந்தால்தான் என்றால் காரணம் கெப்பாசிட்டர்கள். காலியான கெப்பாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் போலவே நடக்கும். 100 ஓம் இருந்தால் பெட்டிக்கு அதிகபட்சம் 136 மில்லிஆம்பியர். பத்துப் பெட்டிக்கு 1.36 ஆம்பியர், அதுவும் சில கணம்தான். 100 ஓம் இல்லாத பெட்டிகளைச் சேர்த்தால் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு டிசிசி மின்சாரம் தரும் கருவி) உடனே கையை விரிக்கும். சிறிய பூஸ்டர் என்றால் 220 ஓம் போடுங்கள்.

ஒரே பெட்டியில் என்றால் நிஜ ஷார்ட். ஒரு போகியில் ஒரு அச்சைத் திருப்பி மாட்டியிருப்பது முதல் காரணம். இரண்டு அச்சையும் ஒரே தகடு தொடுவதால் இரு தண்டவாளமும் அதன் வழியே சேர்ந்துவிடும். அடுத்தது தரையில் உள்ள இரும்பு எடைத் தகடு. இரு போகியின் திருகும் அதைத் தொட்டால் போதும். மூன்றாவது, வெளிச்சம் கசியாமலிருக்கக் கூரைக்குள் ஒட்டிய அலுமினிய டேப். பளபளப்பாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள். பட்டையின் பின்புறச் சால்டர் புள்ளிகள் அதில் பட்டால் தீர்ந்தது. இடையில் கேப்டன் (Kapton) டேப், அதாவது மின்சாரம் கடத்தாத டேப், ஒட்டுங்கள்.

இன்னொரு வகை: தனித்தனியாக எல்லாப் பெட்டியும் சரி, இரண்டை இணைத்தால் ஷார்ட். உலோகக் கப்ளிங் இரண்டு பெட்டிகளின் எதிரெதிர் பக்கங்களைச் சேர்க்கிறது. பிளாஸ்டிக் கப்ளிங் மாற்றினால் போதும்.

எஞ்சினுக்குள் டிசிசி கட்டளையைப் படிக்கும் டிகோடரின் சிவி எண்களை (அதன் அமைப்பு மதிப்புகள்) படிக்க முடியவில்லை என்றால் புரோகிராமிங் தடத்தில் விளக்குப் பெட்டி நிற்கிறதா என்று பாருங்கள். டிகோடர் பதில் சொல்வது ஒரு சிறிய மின்னோட்டத் துடிப்பில். பெட்டிகளின் கெப்பாசிட்டர் அதைக் குழப்பும். அங்கே எஞ்சின் மட்டும் நிற்கட்டும்.

சாதாரண டிசியில் வேகமாகப் போனால்தான் எரிகிறது

இது பழுதே அல்ல, கணக்கு. பட்டையில் மூன்று எல்இடி தொடராக இருப்பதால் 8 வோல்ட் வேண்டும், பிரிட்ஜுக்கு 1.4. ஆக 9.5 வோல்ட் வரும் வரை இருட்டு. ரயில் அதற்கு முன்பே பறக்கத் தொடங்கியிருக்கும்.

பட்டையை விட்டுவிட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் தனியாக 4.7 கிலோ ஓம் வைத்து இணையாகச் சேருங்கள். 4.5 வோல்ட்டிலேயே மங்கலாகத் தொடங்கி, 12 வோல்ட்டில் எல்இடிக்கு 1.6 மில்லிஆம்பியர் ஓடும். இதில் இன்னொரு ஆதாயம், ஒன்பது பகுதிக்கும் நேர் மேலே ஒவ்வொன்று வைக்கலாம். பட்டையில் இடைவெளி எங்கு விழுமோ அங்குதான் விழும்.

எல்எம்317 என்ற ரெகுலேட்டர் சில்லை வைத்து மின்னோட்டத்தை நிலையாக்கலாம் என்ற யோசனை இங்கே எதிர்மாறாகப் போகும். அதற்கே சுமார் 3 வோல்ட் வேண்டும், ஆகவே விளக்கு இன்னும் தாமதமாக எரியும். தவிர அந்தச் சில்லுக்குக் குறைந்தபட்ச மின்னோட்டம் உண்டு, மோசமான நிலையில் 10 மில்லிஆம்பியர் வரை. 2, 3 மில்லிஆம்பியரில் அது சொன்ன பேச்சைக் கேட்காது.

துடிப்பு வகைக் கன்ட்ரோலர் என்றால் அதிர்ஷ்டம். மெதுவாக ஓடும்போதும் துடிப்பின் உச்சம் 12 வோல்ட்தான், கெப்பாசிட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். நின்றால் அணைவது மட்டும் டிசியில் தவிர்க்க முடியாதது.

ஒரு திசையில் மட்டும் எரிகிறது

டிசியில்: பிரிட்ஜ் இல்லை, அல்லது அதன் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது. பிரிட்ஜ் இல்லாமல் ஓட்டிய எல்இடியை நம்பாதீர்கள். தலைகீழாக 5 வோல்ட்தான் அது தாங்கும்.

டிசிசியில் பெட்டிக்குள் ஃபங்ஷன் டிகோடர் (விளக்கு போன்றவற்றை மட்டும் இயக்கும் டிகோடர்) வைத்திருந்தால்: வெள்ளை ஒயர் முன்னோக்கி ஓடும்போதும் மஞ்சள் பின்னோக்கி ஓடும்போதும் வேலை செய்யும். அறை விளக்கைப் பச்சை ஒயரில் கொடுங்கள். நீலம் பொது ப்ளஸ்.

சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவில்லை

வால் விளக்குச் சிவப்பு எல்இடியையும் அறை விளக்கு வெள்ளை எல்இடியையும் ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் இணையாகப் போட்டிருப்பீர்கள். சிவப்புக்கு 1.9 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3. சிவப்பு எரிந்ததும் லைன் 1.9க்கு இறங்கிவிடும், வெள்ளைக்குப் பசி தீராது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் என்பதில் சமரசம் கிடையாது.

நம் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறி, பகலில் எல்வி (LV, கடைசி வண்டி) பலகை, இரவில் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. விட்டுவிட்டு எரிய 555 என்ற டைமர் சில்லு போதும்: 10 கிலோ ஓம், 680 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை. சாதாரண 555 இந்த வோல்ட்டேஜில் தானே 10 மில்லிஆம்பியர் அளவு இழுக்கும், அதாவது விளக்குகளைவிட இரண்டு மடங்கு. கெப்பாசிட்டர் சீக்கிரம் காலியாகும். சிமாஸ் வகை (7555) வாங்குங்கள், ஒரு மில்லிஆம்பியர்கூட ஆகாது. சிவப்புக்கு 4.7 கிலோ ஓம்.

வால் விளக்கு துடிக்கும்போதெல்லாம் அறை விளக்கும் சேர்ந்து துடித்தால், 555க்கான ப்ளஸை 1 கிலோ ஓமுக்குப் பின்னால் எடுத்திருக்கிறீர்கள். முன்னால் எடுங்கள்.

கூரையும் சுவரும் ஒளிர்கின்றன

மெல்லிய பிளாஸ்டிக் வெளிச்சத்தை விடும். பெட்டி முழுவதும் காகித விளக்குபோல் மின்னும். கூரை விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். உட்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெளிர் நிறம் அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும், வெளிர் நிறம் அதை உள்ளே திருப்பும். வெள்ளை மட்டும் எத்தனை கோட் அடித்தாலும் கசியும். விளிம்பு இடுக்கில் மெல்லிய கறுப்பு ஃபோம் கீற்று.

நிறமும் காலமும் பொருந்தட்டும். குண்டு பல்பு காலத்துப் பெட்டிக்கு 2700 முதல் 3000 கெல்வின், டியூப்லைட் காலத்துக்கு 4000க்கு மேல். இரவு எக்ஸ்பிரஸ் என்றால் ஒன்பது பகுதியில் மூன்று நான்கில் வெள்ளை இல்லாமல் நீல இரவு விளக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். நீலத்தைக் கண் அதிகமாக எடுத்துக்காட்டும், 22 கிலோ ஓமுக்குக் குறையாமல் வையுங்கள்.

விளக்கு வைத்தபின் தடம் புரள்கிறது, அல்லது எஞ்சின் இழுக்கத் திணறுகிறது

ஒயர் விறைப்பாக இருந்தால் வளைவில் போகியைத் திரும்பவிடாது, ஒரு சக்கரத்தைத் தூக்கும். 0.05 சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர் போதும். திருகு மையத்துக்கு ஒட்டியே துளையிட்டு, போகி இரு பக்கமும் முழுதாகத் திரும்பியும் இறுகாத அளவு தளர்வு விடுங்கள்.

எடையையும் நிறுத்துப் பாருங்கள். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) வெளியிட்ட ஆர்பி-20.1 பரிந்துரைப்படி இந்த நீளத்துக்கு 165 கிராம் வரும். உள்ளே இருக்கைகள், பயணிகள், கெப்பாசிட்டர் என்று மேலே சேர்த்தவை எடையைக் கூட்டுவதோடு பெட்டியைத் தலை கனத்ததாகவும் ஆக்கும். குறைவதைத் தரையில் சேருங்கள்.

இழுவைக்கு: ஒரு மீட்டர் தண்டவாளத்தின் ஒரு முனையை 20 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். விட்ட பெட்டி தானாக உருள வேண்டும். நின்றால் காண்டாக்ட் தகட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள்.

ஜன்னல் வெளுத்துவிட்டது, எழுத்து ஸ்டிக்கர் வெள்ளிபோல் தெரிகிறது

முதலாவது சூப்பர் குளூ ஆவியின் வேலை. மூடிய பெட்டிக்குள் அது போக வழியின்றி ஜன்னலில் வெண்படலமாகப் படியும். லேசாக இருந்தால் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆழமாக இருந்தால் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) புதிதாக வெட்டுங்கள். கண்ணாடிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே நல்லது, காய்ந்ததும் தெரியாது. ஜன்னல் கம்பிகளுக்கு 0.25 மில்லிமீட்டர் கம்பி. அவசர ஜன்னலில் கம்பி கிடையாது, அதை மறந்துவிட்டால் முதலில் பார்ப்பவரே சொல்லிவிடுவார்.

ஸ்டிக்கர் வெள்ளியாவது, மேட் பெயின்ட்டின் சொரசொரப்பில் காற்று சிக்குவதால். முதலில் பளபளப்பு வார்னிஷ், ஸ்டிக்கர், அதன்பின் மேட் வார்னிஷ் என்பதே வரிசை. ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால் ஊசியால் நுண்துளைகள் போட்டு, டெகால் மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையில் தொட்டு வையுங்கள். ஸ்டிக்கர் முதலில் சுருங்கும். பயந்து விரல் வைக்காதீர்கள், காயும்போது தானே படியும்.